அப்பனுக்கு ஆகாத பிள்ளை

முப்பத்து மூன்று வயதில், கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தபடியே, அஞ்சல் வழியில் உளவியல் படிக்கச் சேர்ந்தேன். "இனிமேப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்காத ஆள் திருச்செங்கோட்டுப் பக்கம் பாக்கியில்லை. குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் ஒரு பயிற்சி வந்தது: உங்கள் முதல் இரண்டு வருடங்களை வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள். அம்மாவிடம் கேட்டேன். எப்போது குப்புற விழுந்தேன், எப்போது தவழ்ந்தேன் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஒன்பதாம் மாதத்தில் தயங்கினார்.

"அப்பத்தான் உங்கப்பா வந்தாரு. உன்னைத் தூக்குனதும் ஊடே அதிர்ற மாதிரி அழுத."

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். நான் பிறந்த மாதமே வடக்கே போனவர், மழை பிடித்து வண்டி நின்ற பிறகுதான் ஊர் திரும்பியிருக்கிறார். அவர் தூக்கும்போதெல்லாம் நான் வீறிட்டிருக்கிறேன். பெரியவர்கள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை அப்பனுக்கு ஆகாது, மூன்று வயது வரை தூக்கவே கூடாது என்றாராம் ஜோசியர். அப்பா மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார். மூன்று வயதுக்குப் பிறகும் அந்தக் கூச்சம் அவரை விடவில்லை. எனக்கு வாங்கி வந்த கொலுசைக்கூட அம்மா கையில்தான் கொடுத்தார். அவருக்கு என்னைப் பிடிக்காது என்று நினைத்தே வளர்ந்தேன்.

பாடப் புத்தகத்தைத் திறந்தால், எட்டு ஒன்பது மாதத்தில் குழந்தை பழகாத முகத்தைக் கண்டு பயப்படும், அது நல்ல வளர்ச்சியின் அடையாளம் என்று போட்டிருக்கிறது. ஒழுங்காக வளர்ந்ததற்கு எனக்குத் தோஷக்காரி என்று பட்டம் கட்டியிருக்கிறார்கள்! அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ஜோசியர் இப்போது உயிரோடு இல்லை, தப்பித்தார்.

உட்கார்ந்து ஆத்திரப்பட எனக்கு நேரமும் இல்லை. என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். அவள் அப்பாவும் ரிக் வண்டியில்தான், சத்தீஸ்கரில். மழை தொடங்கிவிட்டது, அடுத்த வாரம் வருகிறேன் என்றிருந்தார். இந்த வீட்டில் இன்னொரு தடவை அது நடக்க விடமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

வந்தார். போனில் தினமும் முத்தம் கொடுத்த மகள், தாடியும் டீசல் வாசனையுமாக நேரில் நின்ற ஆளைப் பார்த்து மூச்சு முட்ட அழுதாள். அவர் முகம் தொங்கிப் போனது. பார்க்க வந்திருந்த பெரியம்மா ஒருவர், "எதுக்கும் ஜாதகத்தை ஒருக்காப் பாத்துருங்க" என்று ஆரம்பித்தார். "ஜாதகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் காப்பி குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

"ஏனுங்க, அவளைத் தூக்காதீங்க. சும்மா உக்காந்து உங்க வேலையைப் பாருங்க. அவளா வருவா" என்றேன் கணவரிடம்.

"எத்தனை நாளைக்கு?"

"வர்ற வரைக்கும்."

மனுஷர் கேட்டார். முதல் நாள், அறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார். மறுநாள் கொஞ்சம் கிட்டே வந்தார். மூன்றாம் நாள் அவர் உருட்டிவிட்ட டம்ளரை, என் மடியை விட்டு இறங்காமலே அவள் திருப்பித் தள்ளினாள். நான்காம் நாள் காலையில் தானாகத் தவழ்ந்து போய், அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் அசையவே இல்லை, கண் மட்டும் கலங்கியது. எனக்குப் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கியது போல இருந்தது.

நாலு நாளும் என் அப்பா வாசல் பக்கத்து நாற்காலியில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் நான் துணி காயப்போடும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"நாலே நாள்தானா, சாமி?"

"ஆமாங்கப்பா."

"நீ அழுதப்ப, மழை விடறதுக்கு முந்தியே, மூணாம் நாளே நான் வண்டிக்குக் கெளம்பிட்டேன்." கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இருந்திருந்தா, நீயும் வந்திருப்பயா?"

"வந்திருப்பேனுங்கப்பா" என்றேன்.