எங்கள் வீட்டுப் பாட்டுச் சத்தம்

சிம்மக்கல்லுக்குப் பக்கத்துச் சந்தில், நடுச்சுவர் பொதுவாக இருந்த இரண்டு வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். மற்றதில் ஒரு பலசரக்குக் கடைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். என் கணவர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். எந்தக் கஷ்டம் வந்தாலும் முறையிடுவதற்கு முன்னால் ஸ்தோத்திரம் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நன்மைக்கு நன்றி சொல்ல யாராலும் முடியும், அதில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்பார். கொள்கை அவருடையது, கூடப் பாடுவது என் வேலை.

பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் குறைத்தபோது முதலில் அவரைத்தான் குறைத்தார்கள். மத்தியானமே வீட்டுக்கு வந்து குடையை மாட்டினார்.

"வேலை போயிருச்சு. வா, ஸ்தோத்திரம் பண்ணுவோம்."

உலையில் அரிசி போட்டிருந்தேன். இறக்கிவைக்க விடவில்லை. கீர்த்தனைகளைப் பாடி முடித்தபோது சோறு குழைந்து கஞ்சியாகியிருந்தது. அதற்கும் நன்றி சொன்னார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா சிரித்த முகமாக வந்தார். "என்னக்கா, நல்ல சேதியா? வாத்தியாரய்யாவுக்குப் பெரிய வேலை குடுத்துட்டாகளா?"

"இருந்த வேலையும் போயிருச்சு."

"அதுக்கா இம்புட்டு நேரம் பாடுனீக?"

அந்த மழைக்காலத்தில் சமையற்கட்டுச் சுவர் விழுந்தது. பாடினோம். அடுத்து எனக்கு விஷக்காய்ச்சல். அவர் பாடினார், நான் படுத்தபடியே உதட்டை அசைத்தேன். அதற்குள் அந்தம்மாவுக்கு எங்கள் வழக்கம் பிடிபட்டுவிட்டது. பாட்டுக் கேட்டால் விசாரிக்க மாட்டார். மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். வேறொரு பள்ளிக்கூடத்தில் என் கணவருக்கு வேலை கிடைத்த அன்றும் பாடினோம். அன்றும் ரசம் வந்தது. விஷயத்தைச் சொன்னதும், "நல்லதுக்கும் இதே பாட்டுத்தானா? மனுசருக்கு எப்படித் தெரியும்?" என்று சலித்துக்கொண்டார்.

பிறகு யுத்தம் பர்மாவை எட்டியது. பக்கத்து வீட்டாரின் ஒரே மகன் ரங்கூனில் ஒரு கடையில் வேலை பார்த்தான். அவனிடமிருந்து தகவல் நின்றுபோயிற்று. அங்கே குண்டு போடுகிறார்கள், ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு சாயங்காலம் அந்தம்மா வெறுங்கையோடு வந்து நின்றார்.

"வாத்தியாரய்யா, உங்க வீட்ல எது வந்தாலும் பாடுறீக. பெறகு எப்படியோ சரியாயிருது. எம் பிள்ளைக்கும் ஒண்ணு பாடுங்க."

என் கணவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். பிறகு மூடிவிட்டார். "முடியலையேம்மா" என்றார். எழுந்து அவர்கள் வீட்டுக்குப் போய்க் கடைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "எனக்கு வந்ததுக்கு நான் நன்றி சொல்லலாம். அவங்க பிள்ளை என்ன ஆனான்னு தெரியலை. அதுக்கு நான் எப்படி நன்றி சொல்ல?"

எனக்குக் காய்ச்சல் வந்தபோது இதை யோசித்திருக்கலாமே என்று தோன்றியது.

தினமும் சாயங்காலம் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டு வருவார். வீட்டு ஜெபத்தில் ஸ்தோத்திரம் குறைந்து கெஞ்சல் கூடியது.

பல மாதம் கழித்து அந்தப் பையன் எலும்பும் தோலுமாக, வீங்கிய காலோடு வந்து சேர்ந்தான். அந்தம்மா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, ஒரு மூடியை எங்களுக்குக் கொண்டுவந்தார். படைத்த பண்டத்தை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை என்பதில் என் கணவர் மகா கண்டிப்பு. இதற்கு முன்பு வந்ததையெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த முறையும் ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ மூடியைக் கையில் வாங்கிக் கண்ணை மூடினார். நீளமான ஜெபம் என்று நினைத்து நான் உட்கார்ந்துவிட்டேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பதோடு முடிந்தது.

"சட்னி அரைச்சிரு" என்று என்னிடம் கொடுத்தார்.