டப்பாவுக்குள் வைத்த வெடி

நான் விளையாட்டுப் பயிற்சி ஆசிரியர் என்று சொன்னால், ஆட்கள் முதலில் என் தொப்பையைப் பார்ப்பார்கள், பிறகு, "செஸ்ஸா சார்?" என்று கேட்பார்கள். விருதுநகரில் பருப்பு மண்டிக்காரர் வீட்டில், மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த உடம்பு. ஓடிப் பழகவில்லை, ஓடச் சொல்லிப் பழகியிருக்கிறது.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில், பிளஸ் டூ விளையாட்டுத் தொழிற்பிரிவுக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். மைதானத்தில் கோடு போடுவது, நடுவராக நிற்பது, நேரம் குறிப்பது, சுளுக்குக்குக் கட்டுப் போடுவது, ஒரு போட்டியை முழுதாக நடத்திக் காட்டுவது எல்லாம் பாடம். "வெளையாடுறதுக்கும் ஒரு பரிச்சையாக்கும்?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "பெயில் ஆகுறதுக்கும் வழி இருக்கு அண்ணாச்சி" என்றேன். கூட்டம் சிரித்தது. நான் பேசினாலே சிரிப்பார்கள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

நேரம் குறிப்பதில் கெட்டிக்காரியான ஒரு மாணவி இருந்தாள். மற்றவர்கள் எடுத்த நேரத்தை அவள் ஸ்டாப்வாட்ச்சோடு ஒத்துப் பார்த்துத்தான் திருத்துவோம். அவள் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை பார்த்தார். செய்முறைத் தேர்வில் தேறினால் மதுரையில் விடுதியோடு கூடிய பயிற்சியாளர் படிப்பு. தேறாவிட்டால், வைகாசியில் பதினெட்டு முடிந்ததும் அம்மா ஏறுகிற கம்பெனி வேனில் மகளும் ஏற வேண்டும். இது வீட்டில் பேசி முடித்தது. சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே, பஸ் நேரம் சொல்வது போல அவள் இதை என்னிடம் சொன்னாள்.

தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். பிள்ளைகள் நூறு மீட்டர் ஓட்டம் நடத்திக் காட்ட வேண்டும். ஆறு பேர் ஓட, மற்றவர்கள் நடுவர்கள். தட்டிச் சத்தமெழுப்பி ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் மரக் கட்டை அன்று காலை பார்த்து உடைந்துகிடந்தது. சத்தத்துக்கா நமக்குப் பஞ்சம் என்று தோன்றியது. என் பையில் தீபாவளிக்கு வாங்கிய குருவி வெடி ஒன்று மிச்சமிருந்தது. தேர்வாளர் அசந்துபோக வேண்டும் என்று, அதன் மேல் காலியான சுண்ணாம்பு டப்பாவைக் கவிழ்த்தேன். ஓடுகிறவர்களிடம், "ஒரு சத்தம் வரும், கேட்டதும் ஓடணும்" என்று மட்டும் சொன்னேன். எல்லைக்கோட்டில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றவளிடம் அதையும் சொல்லவில்லை.

அந்த ஊரில் வெடிச் சத்தம் அதிசயமில்லை. கம்பெனிகளில் சாம்பிள் போட்டுப் பார்ப்பார்கள்; யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் டப்பாவுக்குள் வெடித்த வெடி வேறு மாதிரிக் கேட்டது. மொத்தையாக, தரையோடு வந்து அடிவயிற்றில் இறங்குகிற சத்தம். எங்கோ ஒரு கம்பெனியில் மருந்து அறை வெடித்துப் போனால் அப்படித்தான் கேட்குமாம். பருப்பு மூட்டைக்கு நடுவே வளர்ந்தவனுக்கு அது தெரியவில்லை.

ஆறு பேரில் ஒருவர்கூட ஓடவில்லை. ஆறு தலைகளும் கிழக்கே, கம்பெனிகள் இருக்கிற பக்கம் திரும்பின.

"ஓடுங்கப்பா! ஏன் நிக்கிறீங்க?" என்று தேர்வாளர் கத்தினார்.

"பொகை தெரியுதாலே?" என்றான் முதல் கோட்டில் நின்றவன், பக்கத்தில் நின்றவனிடம்.

"ஏலே, நாந்தான்! நாந்தான்லே போட்டேன்!" என்று டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். எல்லைக்கோட்டில் ஸ்டாப்வாட்ச் தரையில் கிடந்தது. அவள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விரட்டினேன். ஓடைப் பாலத்துக்கு அப்பால்தான் பிடிக்க முடிந்தது. அவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று ஒரு வருஷமாகத் தெரியாமல் பாடம் நடத்தியிருக்கிறேன்.

"அது நான் போட்ட வெடி தாயி. வா, பரிச்சை நடக்குது."

"பொய் சொல்றீக."

"சத்தியமா."

"நீங்க எப்பவும் வெளாட்டுக்குத்தான் சார் சொல்வீக." நிற்காமல் நடந்தபடியே சொன்னாள். "ஒங்க வீட்டு மாடு பிளஸ் டூ படிச்சிருக்குன்னும் சத்தியம் பண்ணீக."

பண்ணியிருந்தேன். அம்மாவுக்குப் போன் போடலாம் என்றால், கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வேறு வழியில்லாமல் அவளை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்கே போனேன்.

"இங்கன ஒண்ணுமில்லயே சார்" என்றார் வாட்ச்மேன். அவள் அதையும் நம்பவில்லை. அவர் ஆள் அனுப்பினார். நாங்கள் காத்திருந்த அந்தச் சில நிமிஷம் அவள் கேட் கம்பியை விடவேயில்லை.

அம்மா வந்தார். முழங்கை வரை அலுமினியப் பொடி, வெள்ளி பூசியது போல. மகளைப் பார்த்ததும் முகத்துணியை இறக்கினார்.

"ஏட்டி, பரிச்சைய விட்டுட்டா வந்த?"

"சத்தம் கேட்டுச்சும்மா."

"கேட்டா? இங்கனயா ஓடியாருவ? எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கேன், சத்தம் கேட்டா எதுத்த பக்கமா ஓடுன்னு!"

அடிக்கக் கை ஓங்கினார். கையில் மருந்து இருந்தது. ஓங்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டார். மகள் கிட்டே போகப் பார்த்தாள். "தொடாத" என்று பின்னால் நகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன சார் வெடிச்சது?"

"நான்தாம்மா ஒரு வெடி போட்டேன். ரேஸ் தொடங்க."

"அதுக்கு விசில் கெடையாதா சார்?"

என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

நாங்கள் திரும்பியபோது தேர்வாளர் சாத்தூருக்குக் கிளம்பியிருந்தார். தாளில் அவள் பெயருக்கு நேரே 'பணியிடத்தில் இல்லை' என்று எழுதியிருந்தது. தலைமை ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "மயக்கம்னு எழுதினா டாக்டர் சர்டிபிகேட் கேட்பாங்க, நிக்காது. தப்பு பள்ளிக்கூடத்து மேலேன்னு எழுதினா மறுதேர்வு உண்டு. ஆனா வளாகத்துக்குள்ள வெடி, நீங்க ஒப்பந்த ஆள். யோசிச்சுக்கோங்க."

"தீபாவளி வாழ்த்துன்னு எழுதிரலாமா சார்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உடனே எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். வீட்டுக்குப் போனேன், மூன்று இட்லி கூடுதலாகத் தின்றேன், உடம்பு சரியில்லை என்று மறுநாள் லீவு போட்டேன். அதற்கும் மறுநாள்தான் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுதேர்வு கிடைத்தது. அவள் தேறினாள், இப்போது மதுரையில் படிக்கிறாள். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. இரண்டுமே நியாயம்தான்.

மறுதேர்வன்று காலை, எல்லைக்கோட்டுக்குப் போகுமுன் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லையே சார்?"

"இல்ல தாயி."

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் பையை வாங்கி, உள்ளே இருந்த துண்டு, டிபன் பாக்ஸ், பழைய பேப்பர் எல்லாவற்றையும் பெஞ்சின் மேல் ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பார்த்தாள். சட்டைப் பையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பேன்ட் பையையும் வெளியே இழுத்துக் காட்டினேன். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.