ஆர்லனுக்கு மறுக்கப்பட்ட துப்பாக்கி

அமெரிக்காவின் ஐடஹோ மலையடிவாரத்தில் செம்மறி வளர்த்த ஆர்லன் ஸ்டப்ஸ், மனைவி நெல்டாவை ஒரு பனிக்காலத்தில் அடக்கம் செய்தார். துணையை இழந்தவர் வீட்டுக்கு அயலார் உணவு கொண்டுவருவதும், திரும்பும்போது அவ்வீட்டுத் துப்பாக்கிகளை எண்ணெய் போட்டுத் தருவதாகச் சொல்லி எடுத்துச் செல்வதும் அங்கே வழக்கம். பனி உருகியபின் அவை துடைக்கப்பட்டுத் திரும்பும். காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆர்லன் மட்டும் மறுத்தார். இளமை முதல் உடனிருந்த டெல்மரை, "எண்ணெய் போட எனக்குத் தெரியும், போடா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவர் முகத்தைக் கண்டு அஞ்சிய டெல்மர், வட்டாரக் காவல் தலைவரான ஷெரீஃபை அழைத்தார். துப்பாக்கிகள் பறிமுதலாயின, நீதிமன்ற ஆணைப்படி ஆர்லன் மனநல மருத்துவமனையில் சில வாரங்கள் அடைபட்டார். மீண்டு வந்தபின் டெல்மரோடு பேச்சை அறுத்துக்கொண்டார்.

ஆண்டுகள் சில கழிந்து, குட்டி ஈனும் பருவத்தில் கயோட்டி என்னும் சிறு ஓநாய்கள் பட்டியைச் சூழ்ந்தன. ஆர்லன் கடைக்குச் சென்று துப்பாக்கி கேட்டார். வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் அரசு அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசிய கடைக்காரப் பெண் தலைகுனிந்தாள்.

"மறுத்துட்டாங்க மாமா. ஏன்னு எங்கிட்டச் சொல்ல மாட்டாங்க."

விரல்ரேகை பதித்து மேல்முறையீடு அனுப்பினார். பதிவில் பிழையில்லை, மருத்துவமனை ஆணையால் வந்த தடையை நீதிமன்றமே நீக்க முடியும் என்று பதில் வந்தது. மனுச் செய்தார். அது விசாரணைக்கு வருவதற்குள் அடுத்த ஈற்றுப் பருவமே வந்துவிட்டது.

விசாரணை நாளில், அழைக்காமலே டெல்மர் வந்து சாட்சிக் கூண்டில் ஏறினார்.

"இவன் பிடிவாதக்காரன்தான், அம்மா. ஆனா புத்தி தெளிவா இருக்கு. என்னைத் திட்டுறதுலயே தெரியலையா?"

மன்றம் சிரித்தது. நீதிபதி அம்மையார் ஆர்லனை நோக்கினார்.

"சாகணும்கிற நினைப்பு இப்பவும் வருதா, ஐயா?"

வேதநூலின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார் ஆர்லன்.

"வருது அம்மா. குட்டி போடுற காலத்துல விளக்குப் பிடிக்க அவ இல்லையேன்னு நினைச்சா வரும். கொஞ்ச நேரத்துல போயிடும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். மனு தள்ளுபடியாயிற்று, மீண்டும் மனுச் செய்ய ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

வாயிற்படியில் டெல்மர் வெடித்தார். "'இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு தேஞ்சா போயிடும், கழுதை?"

"சத்தியம் பண்ணிட்டேனேடா."

"சரி, என் துப்பாக்கியோட நானே காவலுக்கு வரேன்."

"உன் பட்டியை யாரு பார்ப்பா? உன் பொண்டாட்டியா? முழங்கால் வலியோட?"

பேச்சற்றுக் கழிந்த ஆண்டுகள் இருவருக்குமிடையே நின்றன.

"அன்னிக்கு உன்னை உள்ள விட்டிருக்கணும்" என்றார் ஆர்லன்.

"நானும் ஷெரீஃபைக் கூப்பிடாம, வாசல்லயே உட்கார்ந்திருக்கணும்."

அவ்வாரமே, ஆர்லன் விற்றுவிட்ட மந்தையை ஏற்றிச் செல்ல வியாபாரி லாரியோடு வந்தான். நண்பர் இருவரும் ஆடுகளை ஏற்றினர். நிறைசினையாயிருந்த ஓர் ஆடு பலகையில் கால்வைக்க மறுத்தது. ஆர்லன் அதை அணைத்துத் தூக்கி ஏற்றினார்.

"ரெண்டு குட்டி இருக்குப்பா இவளுக்கு. பள்ளத்துல பார்த்து ஓட்டு" என்றார்.

லாரி மறைந்தது. ஆர்லன் பழக்கத்தால் பட்டிக் கதவைச் சாத்தித் தாழிட்டார். பிறகு, உள்ளே காப்பதற்கு எதுவுமில்லை என்று உறைத்தபோது, தாழினின்று கையை எடுக்க மாட்டாமல் நின்றார்.