ஒரு பிடி கொல்லை மண்

குரும்பலூர் வெற்றிச்செல்விக்குச் சமூகப்பணி முதுகலையில் கடைசி வருடம். முதியோரோடு வேலை செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஓர் அறக்கட்டளை சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் கொடுத்தது. பெரம்பலூருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கூடப் படித்தவர்கள் எல்லாம் சும்மா உழைக்க, இவளுக்கு மட்டும் சம்பளம். கால் தரையில் பாவவில்லை. வகுப்பில் கேட்டதை உடனே செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஓர் அவசரம். நல்ல பெண்தான். அந்த அவசரம்தான் பொல்லாதது.

அவள் பொறுப்பில் விடப்பட்டவர் செல்லக்கண்ணு. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் கொல்லை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், கெட்டியான கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மற்றபடி ஆள் தேறிக்கொண்டுதான் வந்தார். இவள் கையைப் பிடித்து வராண்டா வரை நடப்பார். கொல்லை என்று யாராவது சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

பழகிய பொருளைத் தொட்டு, மோந்து பார்த்தால் பேச்சு வரக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியது. மகன் தமிழழகனுக்குப் போன் போட்டாள்.

"அப்பாவுக்குக் கொல்லை நெனப்பாவே இருக்குங்கண்ணே. வர்றப்ப அங்கேர்ந்து ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வாங்க."



"மண்ணாங்க?" என்றான் தமிழழகன், குரல் இறங்கி. "அப்ப எல்லாரையும் கூட்டிட்டு வந்துடவா மேடம்?"

"கூட்டிட்டு வாங்க. சந்தோஷப்படுவாரு."

சந்தோஷமாம்! உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு, மண்ணாசை தீரட்டும் என்று சொந்த நிலத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். அவளும் சின்ன வயதில் பார்த்தவள்தான். சாவு நினைப்பே இல்லாதவளுக்கு அது எங்கே ஞாபகம் வரும்?

மறுநாள் வேன் வந்து நின்றது. குடும்பமே இறங்கியது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். இத்தனை பாசமா என்று நினைத்துக்கொண்டாள். எல்லோரும் உட்கார நாற்காலி எடுத்துவர ஓடினாள்.

திரும்பி வந்தபோது செல்லக்கண்ணுவின் தலை அவர் மகளின் மடியில் இருந்தது. தமிழழகன் கையில் செம்மண் கலங்கிய டம்ளர்.

"அண்ணே, குடுக்காதீங்க! அவரு நல்லாத்தானே இருக்காரு!" அவள் பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினாள். பாதி காலியாகியிருந்தது.

தமிழழகன் ஒன்றும் புரியாமல் அழுத கண்ணோடு நிமிர்ந்தான். "நீங்கதானே மேடம் மண்ணு கொண்டாரச் சொன்னீங்க? நாங்க வலுக்கட்டாயமா ஊத்தல. மண்ணு கரைக்கிறதப் பாத்ததும் அப்பாவே வாயத் தொறந்துட்டாரு."

செல்லக்கண்ணு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை; சரி, நீங்கள் எல்லோருமாக முடிவு பண்ணிவிட்டீர்கள் என்பது போல இருந்தது. பிறகு இருமல் தொடங்கியது. நிற்கவே இல்லை.