காப்புக் காலத்தில் நடந்த கூட்டம்

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பு, கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கடலைக்காய் உடைக்கும் மில் வந்தது. கோயமுத்தூர்க்காரர் ஒருவர் கம்பெனி தொடங்கினார். அவரே மேனேஜர். ரோட்டோரம் இருந்த என் நிலத்தைக் கிணற்றோடு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். பதிலுக்குப் பங்கு கொடுத்தார். கிணற்றுத் தண்ணீரை என் மீதி நிலத்துக்கு இறைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

என்னையும் ஊரில் இன்னும் இரண்டு பேரையும் டைரக்டர் ஆக்கினார். நான் மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான்.

"டைரக்டரு சாணி அள்றாரு, வழி வுடுங்கடா" என்று தெருவில் கேலி செய்வார்கள்.

ஒரு நாள் மேனேஜர் ஒரு நோட்டு கொண்டுவந்தார். "கூட்டம் நடந்தா இதுல எழுதோணுங்க. ஒவ்வொருக்காவும் உங்களை எதுக்கு அலைய வெக்கறது? முன்னாடியே கையெழுத்துப் போட்டு வெச்சுருங்க."

மூன்று பேரும் வெறும் தாளில் போட்டோம். தப்பு எங்களுடையது.

பிறகு மேனேஜர் ஊரை விட்டுப் போய்விட்டார். மைசூர்ப் பக்கம் என்றார்கள். அடுத்த மாதம் மில் கதவில் கோர்ட் அமீனா நோட்டீஸ் ஒட்டினார். மில், நிலம், கிணறு எல்லாவற்றையும் கம்பெனி பேரில் மேனேஜர் அடமானம் வைத்திருந்தார். பணம் கொடுத்தவர் என் தெருக்காரர், எனக்கு மாமா முறை. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். ஏலம் விடச் சொல்லிக் கேஸ் போட்டிருந்தார்.

கிணறு போனால் என் நிலத்தில் கொள்ளுத்தான் விளையும். வேறு எதுவும் எனக்கு இல்லை.

தருமபுரியில் வக்கீலைப் பார்த்தேன்.

"டைரக்டருங்க கூடி ஒத்துக்கிட்டாத்தான் கம்பெனி கடன் வாங்கலாம். ஒத்துக்கிட்டதா நோட்டுல இருக்கு. உங்க கையெழுத்தும் இருக்கே" என்றார்.

"கூட்டமே நடக்கலீங்க."

"அது அவருக்கு எப்படித் தெரியும்? நோட்டைப் பாத்து நம்பிக் குடுத்தவரு பக்கந்தான் சட்டம். பொய்யின்னு தெரிஞ்சே குடுத்திருந்தா வேற பேச்சு."

நோட்டு நகலில் இருந்த கூட்டத் தேதியைப் படிக்கச் சொன்னேன். படித்தார். கூட்டம் தருமபுரியில் நடந்ததாக இருந்தது.

"அது மாரியம்மனுக்குக் காப்புக் கட்டின ரெண்டாம் நாளுங்க" என்றேன்.

காப்புக் கட்டினால் பண்டிகை முடியும் வரை எங்கள் ஊரில் யாரும் எல்லை தாண்டுவதில்லை. கூலிக்குப் போகிறவர்கள்கூடப் போவதில்லை. மேனேஜர் வெளியூர்க்காரர், அவருக்கு அது தெரியாது. மாமாவுக்குத் தெரியும். வக்கீல் பழைய பஞ்சாங்கத்தை எடுத்து நாளைச் சரிபார்த்துக்கொண்டார்.

விசாரணைக்கு ஊரில் பாதிப் பேர் வந்து வராந்தாவில் நின்றார்கள். மாமா கூண்டில் ஏறினார்.

"பணம் குடுக்கறதுக்கு முந்தி நோட்டைப் பாத்தீங்களா?" என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"பாத்தேங்க."

"தேதியையும்?"

"பாத்தேங்க."

"அந்த நாள் நீங்க எங்க இருந்தீங்க?"

மாமா வராந்தாவைப் பார்த்தார். ஜட்ஜு மறுபடியும் கேட்டார்.

"ஊருலதாங்க. காப்புக் கட்டியிருந்துச்சு."

"இந்த மூணு பேரும்?"

"அவங்களும் ஊருலதாங்க. மேனேஜரைக் கேட்டேன். அதெல்லாம் சும்மா எழுத்துக்குத்தான்னாரு."

திரும்பும்போது மாமாவுக்கும் எனக்கும் ஒரே பஸ்தான். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வக்கீலுக்கு அதை எடுத்துக் குடுத்தது நீதானே மாப்ள?"

"ஆமாங்க மாமா."

"தருமபுரியிலதான் இருந்தேன்னு நான் சொல்லியிருந்தா?"

"தோத்திருப்பேங்க."

"வாய் வரைக்கும் வந்துச்சு. ஊரே வந்து நிக்குதே, என்னத்தச் சொல்ல" என்றார்.

அடமானம் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது, பணத்தை மேனேஜரிடம்தான் வாங்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மேனேஜர் கிடைக்கவே இல்லை. நான் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்து நெல் நட்டேன்.

மாமா மகள் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அந்தப் பெண் காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் மாட்டைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவேன்.