ஒன்பது நிமிட மேசை

அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் முப்பத்தொரு வருடம் மேசை போட்டு உட்கார்ந்திருந்த எழுத்தர் நான். ஆம்புலன்ஸ் கிளம்பிய நேரம், வந்து நின்ற நேரம், நோயாளியை உள்ளே அனுப்பிய நேரம், மருத்துவர் பார்த்த நேரம் என்று என் பதிவேட்டில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஓர் அடித்தல் திருத்தல் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லித் திரிந்தேன்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எனக்கு வைத்த பெயர் டோல்கேட்.

"டோல்கேட்டு, ஆளு மயக்கத்துல கிடக்காரு. அவங்கப்பா பேரை யாருகிட்ட கேக்குறது?"

"கூட வந்தவங்ககிட்ட கேளுப்பா. கட்டம் காலியா இருக்கக் கூடாது."

ஒரு வருடம் எங்களுடையது உட்படச் சுற்றுவட்டாரத்து ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. விபத்தில் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை தொடங்க எங்கே தாமதமாகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தையே தூக்கிவிடுவதாகத் திட்டம். முதல் கூட்டத்தில் ஓட்டுநர்கள் சாலையைக் குறை சொன்னார்கள், மருத்துவர்கள் ரத்த வங்கியை, ரத்த வங்கிக்காரர் தொலைபேசியை. நிமிடக் கணக்கு மட்டும் யாரிடமும் இல்லை.

"என்கிட்ட இருக்கு மேடம்" என்று கையைத் தூக்கினேன்.

"வியாழக்கிழமை கொண்டு வாங்கய்யா" என்றார் குழுத் தலைவரான பெண் மருத்துவர்.

யார் தலை உருளப் போகிறது என்று பார்க்கும் ஆசையில், ஞாயிறு காலை வீட்டில் ஒரு வருடப் பதிவுகளைக் கூட்டினேன். உள்ளே போனவரை மருத்துவர் பார்க்கச் சராசரியாக நான்கு நிமிடம். உள்ளே போகவிடாமல் என் மேசை பிடித்து வைத்தது ஒன்பது நிமிடம். மூன்று முறை கூட்டினேன். அப்போதும் ஒன்பது. அந்த ஒன்பது நிமிடத்தில் யாருக்கு என்ன ஆனது என்பதற்கு நான் கட்டமே போடவில்லை.

"என்ன, முகம் இப்படிப் போச்சு? யாரு மாட்டுனா?" என்றாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி.

"நான்தான்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எல்லார் குத்தத்தையும் எழுதுனீங்க. உங்களுதையும் எவ்வளவு அழகா எழுதி வச்சிருக்கீங்க!"

"பதிவேட்டைக் காணோம்னு சொல்லிட்டா?"

"சொல்லுங்க. நீங்க ஒண்ணைத் தொலைச்சீங்கன்னா யாரு நம்புவா?"

அதுதான் சிக்கல். வியாழக்கிழமை அந்த ஒன்பதை நானே எழுந்து நின்று வாசித்தேன். ஓட்டுநரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. ஐந்து மருத்துவமனை வாசல்களிலும் அப்படி ஒரு மேசை இருந்தது. ஒரே வாரத்தில் ஐந்தும் போயின. மற்ற நான்கு எழுத்தர்களும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

அதற்குப் பிறகு நோட்டும் கையுமாக ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடினேன். தகப்பனார் பெயர்க் கட்டம் பல நாள் காலியாகவே கிடந்தது. கை அரித்தது, அடக்கிக்கொண்டேன். ஒன்பது ஒன்றானது.

"டோல்கேட்டுக்குக் கால் முளைச்சிருச்சு! மீசையை எப்ப எடுக்கப் போறே?" என்று கேட்டார் ஓட்டுநர்.

முடியாது என்றேன். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லையே.