முதல் படி மட்டும்

எங்கள் சாத்தூர் வீட்டுக்குக் கூலிக்கு வெள்ளையடிக்க வந்த தம்பி, மர ஏணியின் முதல் படியில் இரண்டு குதி குதித்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கு" என்று ஏறப் போனார். நான் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

சின்ன வயதில், அப்பா கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட ஏறுமுன், அவருடைய அக்காவான எங்கள் கனத்த அத்தைதான் இப்படி முதல் படியில் குதித்துப் பார்ப்பாள்.

"அக்கா ஏறின படி ஆனையையும் தாங்கும்" என்பார் அப்பா.

"ஒன் வாய்க்கொழுப்பையும் சேத்துத் தாங்குமான்னு பாருலே!"

அந்த வருடம் ஏழாவது படி மளுக்கென்று முறிந்தது. சிமெண்டுத் தரையில் மல்லாக்க விழுந்த அப்பாவால் எழ முடியவில்லை.

"நான் குதிச்சுப் பாத்தேனேலே..." என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மற்றப் படிகளை ஒருநாளும் யாரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அப்பா அதற்குப் பிறகு நடக்கவே இல்லை.

"இறங்குங்க தம்பி, ஏணியைப் படுக்கப் போடுங்க, எல்லாப் படியையும் பாத்துட்டு ஏறலாம்" என்றேன்.